நூற்று இருபத்தொன்பது கோடியே சொச்சம்

கோகிலவாணிக்கு அரசாங்கம் கொடுத்த எண் 129,99,63,601. நூற்று இருபத்தொன்பது கோடியே தொண்ணூற்றொன்பது லட்சத்து அறுபத்து மூவாயிரத்து அறுநூற்று ஒன்று. படித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். அது ஒரு பகா எண் என்று சான்றிதழ் சொன்னது. அதாவது ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாது. ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் இது ஒரு வரிச் சமாச்சாரம். கோயமுத்தூரில் கல்யாண வயதில் இருந்த பெண்ணுக்கு அதுவே தலையெழுத்தாகிவிட்டது.

எல்லாம் கதவுகளால் வந்த வினை. அந்தக் காலத்தில் ஜனங்களின் ரகசிய எண்களை எந்தக் கம்ப்யூட்டரில் பூட்டி வைத்தாலும் எவனாவது அள்ளிக்கொண்டு போனான். அப்போது ஒரு கெட்டிக்கார இஞ்சினீயர் யோசனை சொன்னார். சேமித்து வைத்தால்தானே திருடுவான்? குலுக்கல் போட்டு ஆளுக்கோர் எண்ணைக் கொடுத்து விரல் ரேகையோடு சேர்த்துவிடுவோம். பதினெட்டு வயதுவரை பிள்ளைகளுக்குப் பெற்றோர் எண்ணே செல்லும். கணவன் எண்ணுக்கும் மனைவி எண்ணுக்கும் பொதுவான காரணிகளில் பெரியது எதுவோ, அதுதான் குடும்பச் சாவி. விரலை வைத்தால் கதவு உங்கள் எண்ணை அந்தச் சாவியால் வகுக்கும். மீதி பூஜ்யம் என்றால் "நம்ம ஆளு, உள்ள வாங்க" என்று சொல்லித் திறக்கும். மீதி வந்தால் வாயே திறக்காது.

யோசனை பிரமாதம்தான். ஆனால் இரண்டைச் சாவியாக வைத்தால் தெருவில் பாதிப் பேர் உங்கள் சமையலறைக்குள் இருப்பார்கள். ஆகவே நூறுக்குக் குறைந்த சாவி செல்லாது என்று விதி வந்தது. சாவி இல்லாமல் வீடு இல்லை, வீடு இல்லாமல் குடும்ப அட்டை இல்லை, அட்டை இல்லாமல் கல்யாணம் பதிவாகாது என்று அடுத்தடுத்து விதிகள் வந்தன. ஏற்கெனவே கல்யாணமானவர்களை மட்டும் போனால் போகிறதென்று விட்டுவிட்டார்கள். மற்றவர்கள் நூற்றைம்பது வரன் பார்த்தால் ஒன்று ஒத்துவந்தது. தூத்துக்குடிப் பையனுக்குத் தர்மபுரிப் பெண், இந்த வீட்டுக்கு அந்த வீடு என்று ஜாதி கண்ணெதிரே கரைந்தது. பத்து வருஷம் சமத்துவம் என்று கொண்டாடினார்கள். அதற்குள் மூன்று இலக்கச் சாவிக்காரர்கள் நூற்றார் என்றும் நான்கு இலக்கச் சாவிக்காரர்கள் ஆயிரத்தார் என்றும் ஆகி, ஆயிரத்தார் வீட்டில் நூற்றார் கை நனைப்பதில்லை என்ற வழக்கமும் வந்து சேர்ந்தது.

இந்த இரண்டிலும் சேராதவர்கள் பகா எண்காரர்கள். நாடு முழுக்க ஆறரைக் கோடிப் பேர். அநேகம் பேருக்கு யாரோடும் பொது கிடையாது, யார் வீட்டுக் கதவும் திறக்காது. சட்டத்தில் அவர்களுக்குத் 'தனியர்' என்று கௌரவமான பெயர் இருந்தது. தெருவில் ஒண்டிக்கட்டை என்றார்கள்.

ஒண்டிக்கட்டைகளுக்கு அரசாங்கம் ஒரே ஒரு நல்லது செய்தது. யாரோடும் ஒட்டில்லாதவன் யாருக்கும் சலுகை காட்டமாட்டான் என்று கண்டுபிடித்து, பொருத்த அலுவலகத்தில் முத்திரை போடும் வேலையை அவர்களுக்கே ஒதுக்கியது. ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் கோகிலவாணி கையெழுத்துப் போட்டாள். பன்னிரண்டு வருஷமாக அந்த நாற்காலியில் இருந்தாள். குவார்ட்டர்ஸ் உண்டு, சம்பளம் உண்டு, மரியாதை உண்டு. சிங்காநல்லூரில் அம்மா ராஜாமணி, மகள் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கதவு மூடிக்கொள்ளாமல் ஒரு செங்கல்லை வைத்துக் காத்திருப்பாள். பெற்ற வீட்டுக்குள் செங்கல்லைத் தாண்டிப் போவது கோகிலவாணிக்குப் பழகிவிட்டது.

பழகாதது ஒன்றே ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஜோடி வந்தது. பொது எதுவும் இல்லை, ஒன்றுதான் வந்தது. அவள் மனுவைத் திருப்பிக் கொடுத்தபோது, அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஒண்ணும் ரெண்டு பேருக்கும் பொதுதானுங்களே மேடம்?" என்றாள். கோகிலவாணி விதி எண்ணைச் சொல்லி அனுப்பிவிட்டாள். சரியாகத்தான் சொன்னாள். ஆனாலும் அந்தக் கேள்வி தொண்டையில் மீன்முள்ளாக நின்றுவிட்டது.

மாதேஸ்வரன் அந்த அலுவலகத்துக்கு வந்தது கணினிகளைத் தணிக்கை செய்ய. சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவன். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தான். முன்வழுக்கை, ஓயாத பேச்சு, தட்டில் எதை வைத்தாலும் பாதியை அடுத்தவர் தட்டுக்குத் தள்ளும் பழக்கம். அவன் எண் பகு எண்தான். எத்தனையோ வரன் வந்தும் ஏதோவொரு காரணம் சொல்லித் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தான். கோகிலவாணியோடு கேண்டீனில் ஒரே மேஜையில் சாப்பிட ஆரம்பித்த பிறகு காரணம் சொல்வதைக்கூட நிறுத்திவிட்டான்.

இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்து என்ன செய்ய? அவளுடைய எண்ணின் மடங்கு ஒன்று அவனுக்கு வாய்த்திருந்தால் உண்டு. அது குறைந்தபட்சம் இருநூற்று அறுபது கோடியாக இருக்க வேண்டும். நாட்டில் அத்தனை தலைகள் இல்லை.

ஒரு மழை நாளில் கரண்ட் போய், வேலை எதுவும் ஓடாமல் கேண்டீனில் உட்கார்ந்திருந்தார்கள். பஜ்ஜி சுற்றி வந்த காகிதத்தைப் பிரித்து நீவி, மாதேஸ்வரன் அதில் இரண்டு எண்களை எழுதினான். மேலே அவளுடையது. கீழே அவனுடையது, 86,68,85,403.

"என்ன பண்றீங்க?" என்றாள் கோகிலவாணி.

"வகுத்துப் பார்க்கறேன். நம்மளை யாரும் இதுவரைக்கும் வகுத்தே பார்க்கலீங்க."

"பார்க்கறதுக்கு என்ன இருக்குது? இத்தனை பெரிய பகா எண்ணுன்னா மெஷின் வகுக்காமயே ஒண்ணுன்னு போட்டுரும்."

"அதேதான். வகுக்கறதே இல்ல. கரண்ட் மிச்சம் பண்றாங்களாமா." அவன் சிரித்தான். "கடைசியில ஒண்ணுதான் வரும். அதையாவது நம்ம கையால வரவெச்சுப் பார்ப்போம்."

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் செய்த கணக்குதான். பெரியதைச் சிறியதால் வகு, மீதியை எடு, அந்த மீதியால் முன்னதை வகு. மீதி இல்லாமல் போகும்வரை இறங்கிக்கொண்டே போ. கடைசியாக வகுத்த எண்ணே பொதுக் காரணி. நாற்பத்து மூன்று கோடி சொச்சம் மீதி வந்தது. பிறகு 7,29,007. பிறகு 48,040. 8,407. 6,005. எண்ணெய் பட்ட இடத்தில் பேனா எழுதாமல் அடம்பிடித்தது. 2,402. அடுத்தது 1,201. அதனால் 2,402-ஐ வகுத்தான். இரண்டு தடவை, மீதி பூஜ்யம்.

மாதேஸ்வரன் பேனாவை வைத்துவிட்டான்.

"எங்கியோ தப்புப் பண்ணீட்டீங்க," என்றாள் கோகிலவாணி. அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. காகிதத்தைப் பிடுங்கி முதலிலிருந்து போட்டாள். அதே 1,201. அவளுடைய எண்ணையே 1,201-ஆல் வகுத்தாள். 10,82,401 வந்தது, மீதியில்லாமல். மாதேஸ்வரன் அதையும் உடைத்தான். 601, 1,801. உடையவே உடையாது என்று முத்திரை குத்திய எண் மூன்று துண்டாகப் பஜ்ஜிக் காகிதத்தில் கிடந்தது.

"அப்புறம் எப்படீங்க சோதனையில பாஸ் ஆச்சு?"

"அது குறுக்குவழிச் சோதனைங்க. நூத்திமுப்பது கோடி எண்ணை எலெக்‌ஷனுக்கு முந்தி சலிச்சுக் கொடுன்னா என்ன பண்ணுவாங்க? ரெண்டு, மூணு, அஞ்சுன்னு ஏதாச்சும் ஒரு சின்ன எண்ணை எடுத்துக்குவாங்க. உங்க எண் எத்தனையோ அத்தனை தடவை அதை அதாலயே பெருக்கிட்டு, உங்க எண்ணால வகுப்பாங்க. அந்தச் சின்ன எண்ணே மீதியா வந்தா பாஸ். பகா எண் எல்லாம் இதுல பாஸ் ஆகும். ஆனா பாஸ் ஆனதெல்லாம் பகா எண் கிடையாது. கோடிக்கணக்குல ஒண்ணு ரெண்டு வேஷக்காரங்க இருக்கறாங்க. எந்தச் சின்ன எண்ணை வெச்சுக் கேட்டாலும் பகா எண் மாதிரியே பதில் சொல்லுவாங்க."

"ஏன் அப்படிச் சொல்லுது?"

"இந்த மூணுலயும் ஒண்ணைக் கழிங்க. அறுநூறு, ஆயிரத்தி இருநூறு, ஆயிரத்தி எண்ணூறு. உங்க எண்ணுலயும் ஒண்ணைக் கழிச்சு வகுத்துப் பாருங்க. மூணும் மிச்சமில்லாம வகுக்கும். அந்த ஒத்துமையிலதான் சோதனை ஏமாந்துபோகுது." அவன் காகிதத்தை அவள் பக்கம் திருப்பினான். "நாடு முழுக்க இந்த மாதிரி ஒரு எழுநூறு பேர் இருந்தா அதிகம்ங்க. ஆறரைக் கோடி ஒண்டிக்கட்டையில எழுநூறு."

கோகிலவாணி அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறோம் என்றுதான் முதலில் நினைத்தாள். செங்கல்லைத் தாண்டிய வருஷங்களுக்காகவும்தான் என்று பிறகு புரிந்தது. அன்றைக்கே அம்மாவுக்குப் போன் செய்தபோது ராஜாமணி பொதுக் காரணியை இரண்டு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு, "ஆயிரத்தி இருநூத்தி ஒண்ணா? அப்ப நாம ஆயிரத்தாரா கண்ணு?" என்றாள். "எனக்கு அப்பவே தெரியும். பக்கத்து வீட்டுக்காரி வெறும் நூத்திப் பதினேழு, என்ன ஆட்டம் ஆடறா!"

மறுவாரம் சான்றிதழைத் திருத்தக் கோரும் மனுவோடு, அலுவலகத்தின் ஆணையர் நாச்சிமுத்து முன்னால் போய் நின்றாள்.

நாச்சிமுத்துவும் பகா எண்காரர். 62,54,82,001. அதைப் பெயர்ப்பலகையில் பெயருக்கு மேலே பொறித்து வைத்திருந்தார். அவர் எண்ணின் இரண்டு மடங்கு நாட்டில் ஒரே ஒருவருக்கு இருந்தது. பிகானீரில் ஓய்வுபெற்ற ஒரு ராணுவ சுபேதார். தீபாவளிக்குத் தீபாவளி இருவரும் போனில் பேசிக்கொள்வார்கள். ஒருவருக்கு இந்தி தெரியாது, மற்றவருக்குத் தமிழ் தெரியாது. சட்டப்படி அவருக்கு இருந்த சொந்தம் அவ்வளவுதான்.

அவர் காகிதத்தைத் தொடவில்லை. மேஜை மேலிருந்த சோதனைக் கருவியில் அவளை விரல் வைக்கச் சொன்னார். பச்சை விளக்கு எரிந்தது.

"பகா எண்," என்றார்.

"சார், பெருக்கிப் பாருங்க. மூணே எண்ணுதான்."

"சோதனைதான் இறுதிச் சான்றுன்னு விதி சொல்லுது. பெருக்கல் சான்று ஆகாதுங்க மேடம். இன்னிக்குப் பெருக்கலை ஒத்துக்கிட்டா நாளைக்கு ஆளாளுக்கு ஒரு பேப்பரோட வந்து நிப்பாங்க." பிறகு குரலை இறக்கினார். "பன்னண்டு வருஷமா எத்தனை குடும்பத்துக்குக் கையெழுத்துப் போட்டிருப்பீங்க?"

"பதினோராயிரத்துக்குப் பக்கம் இருக்குங்க சார்."

"தனியர் கையெழுத்து இல்லாத குடும்பம் செல்லாது. நீங்க தனியர் இல்லைன்னு ஆனா, பதினோராயிரம் வீட்டுக் கதவும் ஒரே நாள்ல சாத்திக்கும். குழந்தை குட்டியோட நடுத்தெருவுல நிப்பாங்க. உங்க ஒரு கல்யாணத்துக்கு இத்தனை விலை போதுங்களா?"

 அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நானுந்தான் ஒருத்தியை விட்டேன். சுலோச்சனான்னு பேரு. நிச்சயமே ஆயிருச்சு. அதுக்குள்ள எண் வந்துது. அன்னிக்கே நிச்சயத் தட்டைத் திருப்பிக் கொடுத்துட்டு நகர்ந்துட்டேன். பகா எண்ணுன்னா பகா எண்தான். ஒரு தடவையாச்சும் நான் கேள்வி கேட்டிருப்பனா?" அதில் பெருமை இருந்தது. அந்தப் பெருமையைத் தவிர அவரிடம் வேறு எதுவும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. கோபத்தோடு வந்தவளுக்கு அவர் மேல் இரக்கம் வந்து தொலைத்தது.

மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

கேண்டீனில் மாதேஸ்வரன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வடையில் பாதியை அவள் தட்டுக்குத் தள்ளினான். "சட்டந்தாங்க சான்றிதழைப் பார்க்கும். கதவு பார்க்காது. அதுக்கு வகுக்கறதைத் தவிர ஒண்ணும் தெரியாது."

கல்யாணமாகாத பகு எண்காரர்கள் தங்கள் எண்ணின் காரணிகளில் எதை வேண்டுமானாலும் தங்கள் வீட்டுக் கதவுக்குச் சாவியாக வைத்துக்கொள்ளலாம். வரன் தேடும் பையன்கள் பெரிய காரணியாகப் பார்த்து வைத்து, அதையே விளம்பரத்திலும் போட்டுக்கொள்வது வழக்கம். மாதேஸ்வரன் பீளமேட்டில் தன் வீட்டுக் கதவுக்கு 1,201 என்று வைத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோகிலவாணி ஒரு பெட்டியோடு அந்தக் கதவின் முன் நின்று விரலை வைத்தாள்.

"நம்ம ஆளு, உள்ள வாங்க," என்றது கதவு.

பதினெட்டு வயதுக்குப் பிறகு எந்த வீடும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு மறுபடியும் விரல் வைத்தாள். மாதேஸ்வரன் உள்ளே நின்று சிரித்துக்கொண்டிருந்தான், ஆனால் அவன் கண்ணும் நனைந்துதான் இருந்தது.

எதிர்வீட்டு ஹேமலதா ஆயிரத்தார். சாவி 4,007. ஒழுக்கம் விஷயத்தில் நான்கு இலக்கத்துக்குரிய கண்டிப்பு அவளிடம் உண்டு. ஒண்டிக்கட்டை ஒருத்தி ஓர் ஆண்பிள்ளை வீட்டில் குடியிருக்கிறாள் என்று அலுவலகத்தின் இணையதளத்தில் புகார் கொடுத்தாள். படிவம், சம்பந்தப்பட்ட இருவரின் பொதுக் காரணியைக் கேட்டது. எண்களைப் போட்டதும், 'இந்தப் பகா எண்காரருக்கு யாருடனும் தொடர்பு இருக்க முடியாது. புகார் தள்ளுபடி' என்று பதில் வந்தது. மறுபடி கொடுத்தாள். மறுபடி தள்ளுபடி. இருக்கவே முடியாது என்று அரசாங்கம் அடித்துச் சொல்லும் ஒன்றை எந்தச் சட்டத்தால் தடுக்க முடியும்? கோகிலவாணியும் மாதேஸ்வரனும் முருங்கைக்கீரை வாங்கினார்கள், திரைச்சீலை நிறத்துக்காகச் சண்டை போட்டார்கள், ராஜாமணியை அழைத்து வந்து ஒரு வாரம் வைத்துக்கொண்டார்கள். ராஜாமணிக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் உள்ளிருந்து யாராவது கதவைத் திறந்துவிட வேண்டியிருந்தது. செங்கல்லை அவள் பையிலேயே கொண்டுவந்திருந்தாள்.

கடைசியில் ஹேமலதா நேரே ஆணையரிடமே போய்விட்டாள்.

நாச்சிமுத்து சனிக்கிழமை காலையில் வந்தார். கோகிலவாணியைப் பிடிக்க வரவில்லை. புகார் பொய் என்று நிரூபிக்க வந்தார். அவருடைய அலுவலகம் தந்த சான்றிதழை ஒரு குடும்பப் பெண்மணி சந்தேகப்பட்டதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. உள்ளே அடுப்படியில் இருந்த கோகிலவாணிக்கு வாசலில் அவர் குரல் கேட்டது. அடுப்பை அணைத்தாள்.

"இந்தக் கதவு ஆயிரத்தி இருநூறு பேர்ல ஒருத்தருக்குத் திறக்கலாம். வாஸ்தவம். ஆனா ஒரு தனியருக்குத் திறக்காது," என்று அவர் ஹேமலதாவுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். "அந்த அம்மா உள்ள போனதைப் பார்த்தேன்கறீங்க. நானும் தனியர்தான். இந்த ஊர்ல என்னை விடச் சுத்தமான பகா எண் கிடையாது. பாருங்க, நான் விரல் வெக்கறேன். அசையுதான்னு பாருங்க."

விரல் வைத்தார்.

"நம்ம ஆளு, உள்ள வாங்க," என்றது கதவு.

ஹேமலதா வாயைப் பொத்திக்கொண்டாள். நாச்சிமுத்து விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தார். கதவு சலிக்காமல் மறுபடியும் வரவேற்றது. மூன்றாவது முறை அவர் விரலைக் கொண்டுபோய்விட்டு வைக்காமலே நின்றார். கோகிலவாணி வந்து பார்த்தபோது அவர் முகத்தில் ஆணையர் யாரும் இல்லை.

"உள்ள வாங்க சார்," என்றாள்.

அவர் செருப்பைக் கழற்றினார். கதவு மூடிக்கொண்டது, ஹேமலதா வெளியே. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வெகுநேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒரு பேப்பர், பேனா கிடைக்குங்களா?" என்று கேட்டார்.

மாதேஸ்வரன் கொண்டுவந்து வைத்தான். அவர் 62,54,82,001 என்று எழுதி 1,201-ஆல் வகுத்தார். வகுத்துப் பல வருஷம் ஆகியிருந்தது, இலக்கத்தைக் கீழே இறக்க இரண்டு இடத்தில் மறந்துபோனார். கோகிலவாணி விரலால் சுட்டிக்காட்டினாள். 5,20,801 வந்தது, மீதி இல்லை. மாதேஸ்வரன் மெதுவாக, "அது இருநூத்தி நாப்பத்தி ஒண்ணு, ரெண்டாயிரத்தி நூத்தி அறுபத்தி ஒண்ணுங்க சார். உங்களுதும் மூணு துண்டுதான்," என்றான்.

அவர் அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. காகிதத்தைத் திருப்பினார். தன் எண்ணை மறுபடி எழுதினார். அதன் கீழே, எதையும் பார்க்காமல், இன்னோர் ஒன்பது இலக்க எண்ணை எழுதினார். அது யாருடையது என்று இருவரும் கேட்கவில்லை. மனிதர் அதை முப்பது வருஷமாக மனப்பாடமாக வைத்திருந்திருக்கிறார்.

பெரியதைச் சிறியதால் வகுத்தார். மீதியால் முன்னதை வகுத்தார். மீதி கோடியிலிருந்து லட்சத்துக்கு இறங்கியது, லட்சத்திலிருந்து ஆயிரத்துக்கு இறங்கியது. கோகிலவாணி அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிதாக வந்துவிடக் கூடாதே என்றும் பயந்தாள், வர வேண்டுமே என்றும் பயந்தாள். பொது இருந்தால் முப்பது வருஷத்தை இந்த மனிதர் எங்கே கொண்டுபோய் வைப்பார்? நூறு, எழுபத்து மூன்று, இருபத்தேழு, பத்தொன்பது, எட்டு, மூன்று, இரண்டு. அதோடு பேனா நின்றது.

"ஒண்ணு," என்றார் நாச்சிமுத்து. அவருக்கு மூச்சு வந்தது. "ஒண்ணுதான் வருது. அப்ப நான் பண்ணது சரிதானுங்க. எப்படிப் பார்த்தாலும் எங்களுக்குப் பொது இல்ல. வெறும் ஒண்ணுதான்."

சரி என்று சொல்லிவிட்டால் போதும், அவர் நிம்மதியாக எழுந்து போய்விடுவார். கோகிலவாணி காபியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். பன்னிரண்டு வருஷமாகத் தொண்டையில் நின்ற முள் தானாகவே வெளியே வந்தது.

"ஒண்ணும் ரெண்டு பேருக்கும் பொதுதானுங்களே சார்?"

நாச்சிமுத்து காகிதத்தின் மேல் குனிந்தார். அந்த ஒன்றைச் சுற்றிப் பேனாவால் மெல்ல ஒரு வட்டம் போட்டார். பிறகு அதன் மேலேயே இன்னொரு வட்டம். காபி ஆறி ஆடை கட்டும்வரை போட்டுக்கொண்டே இருந்தார்.